யூபலினோஸின் மலை: சாமோஸ் தீவில் ஒரு நாள்

ஈஜியன் கடலின் கிழக்கோரத்தில், ஆசியக் கரையைக் கைநீட்டித் தொட்டுவிடும் தொலைவில் கிடக்கிறது சாமோஸ் தீவு. வரலாற்றின் தந்தை என்று போற்றப்படும் ஹெரடோட்டஸ், தமது நூலின் மூன்றாம் பகுதியில் இத்தீவினரைப் பற்றி அளவுக்கு அதிகமாகவே பேசுகிறார். அதற்கு ஒரு சமாதானமும் சொல்கிறார்: கிரேக்கர் செய்தவற்றுள் மிகப்பெரிய மூன்று பணிகள் இங்கேதான் இருக்கின்றன. மலையைக் குடைந்து நீர் கொணர்ந்த சுரங்கம் ஒன்று. கடலுக்குள் எழுப்பிய துறைமுகத் தடுப்புச்சுவர் ஒன்று. தாம் அறிந்த கோயில்களில் எல்லாம் பெரிய கோயில் ஒன்று. வியப்பு என்னவென்றால், இம்மூன்றையும் ஒரே நாளில் சாலைவழியே கண்டு திரும்பிவிடலாம். நாங்கள் நால்வர், வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய காரில், அந்த மூன்றாம் பகுதியை வழித்துணையாகக் கொண்டு அதைத்தான் செய்தோம்.

தீவின் தலைநகரான வதியிலிருந்து தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் பிதாகொரியோ. பித்தாகரஸ் பிறந்த தீவு என்ற பெருமையால் 1955-இல் இவ்வூருக்கு அப்பெயர் வந்தது. அதற்கு முன் அதன் பெயர் திகானி. கிரேக்க மொழியில் வறுசட்டி என்று பொருள். பண்டைய சாமோஸ் நகரம் இருந்தது இங்கேதான். இவ்வூரின் தொல்லிடங்களையும் அருகிலுள்ள ஹீரா கோயிலையும் சேர்த்து 1992-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

மலைக்குள் ஓடிய நீர்

ஊருக்குப் பின்னால் எழும் குன்றின் தெற்குச் சரிவில் சுரங்கத்தின் வாயில். தலைக்கவசம் தந்து உள்ளே அனுப்புகிறார்கள். முதலில் ஒருவர் உடலை ஒருக்களித்து நுழையவேண்டிய இடுக்கு. கல் அடுக்கிச் சுவரெழுப்பி, மேலே பலகைக் கற்களைக் கூரைபோல் சாய்த்து மூடியிருக்கிறார்கள். அதைக் கடந்ததும் பச்சைப் பாறையில் குடைந்த பாதை, ஏறக்குறைய 1.8 மீட்டர் அகலமும் அதே உயரமுமாக நீள்கிறது. மொத்த நீளம் 1,036 மீட்டர். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு. கருவி, சுத்தியலும் உளியும்.

குடிநீர் ஊற்று குன்றின் வடக்கே, கோட்டைச் சுவருக்கு வெளியே இருந்தது. அகியாதெஸ் என்னும் அவ்விடத்தில் ஊற்றின் தொட்டிக்கு மேல் இன்று ஒரு சிறு தேவாலயம் நிற்கிறது. முற்றுகையிட்ட பகைவன் கண்ணுக்குத் தெரியாமல் அந்த நீரை நகருக்குள் கொண்டுவர வேண்டுமானால், மலையைச் சுற்றிவரக் கூடாது, ஊடுருவி வரவேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்றவர் மெகாரா நகரத்து யூபலினோஸ், நவுஸ்திரோபோஸின் மகன். தந்தை பெயரும் ஊரும் சேர்த்து ஹெரடோட்டஸ் இப்படிக் குறித்திராவிட்டால், இந்த மனிதர் இருந்ததே நமக்குத் தெரிந்திராது.

வேலையை விரைவாக முடிக்க மலையை இரு முனைகளிலிருந்தும் ஒரே காலத்தில் குடையத் தொடங்கினார்கள். குடையும் முகத்தில் ஓரிருவருக்கு மேல் நின்று வேலை செய்ய இடமில்லை. ஆகவே ஒரு முனையிலிருந்தே தொடங்கியிருந்தால் காலம் இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் இருமுனை வேலையில் ஓர் அச்சம் உண்டு. இருட்டுக்குள் எதிரெதிராக வரும் இரண்டு பாதைகள் சந்திக்காமலே ஒன்றையொன்று கடந்துவிட்டால்?

யூபலினோஸ் இதற்குக் கண்ட வழியை, இச்சுரங்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஹெர்மன் கீனாஸ்ட் விளக்கியிருக்கிறார். ஒரே நேர்கோட்டில் வருவதாக எண்ணும் இரு பாதைகள் சிறிது பிசகினாலும் பக்கம்பக்கமாகத் தாண்டிப் போய்விடக்கூடும். ஆனால் ஒன்றை வேண்டுமென்றே பக்கவாட்டில் திருப்பினால், அது மற்றதன் வழியை எங்கேனும் ஓரிடத்தில் குறுக்கே வெட்டியே தீரும். ஆகவே நடுமலையை நெருங்கியபோது அவர் பாதையைத் திருப்பினார். உயரத்தில் பிசகு நேராதிருக்க, ஒரு பாதையின் கூரையை உயர்த்தியும் மற்றதன் தரையைத் தாழ்த்தியும் வைத்தார். சந்திப்பில் மட்டப் பிழை ஒரு மீட்டருக்கும் குறைவு. தன் கணக்கு பிழைபடலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டவனின் வேலை இது. எங்களுள் கட்டடப் பொறியாளரான நண்பர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சுரங்கத்தின் தரை ஏறக்குறையச் சமமட்டம். நீர் ஓடச் சாய்வு வேண்டுமல்லவா? அதற்காகத் தரையின் ஒரு பக்கமாக ஆழமான கால்வாய் ஒன்றை வெட்டி, அதனடியில் சுட்ட மண்குழாய்களைப் பதித்தார்கள். கால்வாய் வடக்கே சுமார் நான்கு மீட்டர் ஆழத்தில் தொடங்கித் தெற்கே எட்டு மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. இன்று அதன் மேல் போட்டிருக்கும் இரும்புக் கிராதியில் நடக்கும்போது, காலடியில் இன்னொரு சுரங்கம் இருப்பதுபோன்ற உணர்வு. சுவரில் ஆங்காங்கே சிவப்புச் சாயத்தால் எழுதிய அளவுக்குறிகள் எஞ்சியிருக்கின்றன. மேற்பார்த்தவர்களின் கைப்பட எழுத்து அது.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் நீர் தந்தபின் சுரங்கம் மறதிக்குள் போயிற்று. 1853-இல் பிரெஞ்சு ஆய்வாளர் விக்டர் கெரின் அதன் தொடக்கத்தைக் கண்டார். 1880-களில் உள்ளூர்த் துறவி ஒருவரின் முயற்சியால் மண் அகற்றப்பட்டது. 1884-இல் எர்ன்ஸ்ட் ஃபாப்ரிஷியஸ் அளந்து வரைந்தார். 1971 முதல் 1973 வரை ஜெர்மானிய அகழாய்வாளர்கள் முழுவதுமாகத் தூய்மை செய்தார்கள். செப்பனிட்டபின் பார்வையாளர்களுக்கு மீண்டும் திறந்தது 2017-இல்.

சங்கிலி பூட்டிய கைகள்

வெளியே வந்து துறைமுகத்தில் அமர்ந்தோம். காப்பிக் கடைகளின் முன்னே படகுகள் ஆடும் இன்றைய அணைகரை, பண்டைய தடுப்புச்சுவரின் மேலேயே கட்டப்பட்டது. இரண்டு ஸ்டேடியத்துக்கு மேல் நீளம், இருபது பாகம் ஆழம் என்று ஹெரடோட்டஸ் கணக்குத் தருகிறார். பாலிக்ரடிஸின் கப்பற்படை நின்ற துறை இது.

கி.மு. 538-ஐ ஒட்டி ஆட்சியைக் கைப்பற்றிய பாலிக்ரடிஸ், முதலில் தன் இரு சகோதரர்களோடு அதைப் பங்கிட்டான். பிறகு ஒருவனைக் கொன்றான், இளையவன் சைலோசனைத் துரத்தினான். ஐம்பது துடுப்புக் கப்பல்கள் நூறும் வில்லாளிகள் ஆயிரவரும் அவனிடம் இருந்தனர். கி.மு. 525-ஐ ஒட்டி ஸ்பார்ட்டர் வந்து நாற்பது நாள் முற்றுகையிட்டும் நகரை வெல்ல முடியாமல் திரும்பினர். கி.மு. 522-இல் பாரசீக ஆளுநன் ஓரொயிட்டஸ் அவனை வஞ்சகமாக வரவழைத்துக் கொன்று, உடலைக் கழுவில் தொங்கவிட்டான். கடலில் எறிந்த மோதிரம் மீன் வயிற்றில் திரும்பி வந்த கதை பலரும் அறிந்தது. நற்பேறு அளவு மீறினால் கேடு என்பதற்கு எடுத்துக்காட்டாக அதைச் சொல்வார்கள்.

ஆனால் எங்களை நிறுத்தியது மோதிரக் கதை அன்று. அதே பகுதியில் சில பக்கங்களுக்கு முன்னால், போகிற போக்கில் ஹெரடோட்டஸ் ஒரு செய்தி சொல்லிவிட்டுப் போகிறார். லெஸ்போஸ் தீவினரைப் பாலிக்ரடிஸ் கடற்போரில் வென்றான். சிறைப்பட்ட அவர்கள்தாம் சாமோஸ் நகர்ச் சுவரைச் சுற்றியுள்ள அகழி முழுவதையும் சங்கிலி பூட்டிய நிலையில் தோண்டினார்கள். ஒரே ஒரு வாக்கியம். அவர்கள் எத்தனை பேர், எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

அரிஸ்டாட்டில் இதையே வேறு கோணத்தில் பார்க்கிறார். தமது அரசியல் நூலில், குடிமக்களை ஓயாத வேலையிலும் வறுமையிலும் வைத்திருந்து, சதி செய்ய நேரமில்லாமல் அடிப்பது கொடுங்கோலரின் உத்தி என்கிறார். அதற்கு அவர் தரும் சான்றுகளில் எகிப்தின் பிரமிடுகளோடு பாலிக்ரடிஸின் சாமோஸ் பணிகளும் உண்டு. ஒருவருக்கு வியப்பாகத் தெரிந்தது மற்றவருக்கு ஒடுக்குமுறையாகத் தெரிகிறது.

இங்கே ஒரு நுட்பத்தையும் கவனிக்கவேண்டும். மூன்று பெரும்பணிகளைப் பட்டியலிடும் இடத்தில் ஹெரடோட்டஸ் பாலிக்ரடிஸின் பெயரைச் சொல்லவில்லை. சாமோஸ் மக்களின் பணிகள் என்றுதான் சொல்கிறார். சுரங்கவேலை அவனுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. சுரங்கத்துக்குள் உளி பிடித்தவர்கள் கூலியாட்களா, அடிமைகளா, அந்த லெஸ்போஸ் கைதிகளா என்பதை எந்த நூலும் கூறவில்லை. அகழி தோண்டியவர்களுக்கு ஒரு வாக்கியமாவது கிடைத்தது. மலை குடைந்தவர்களுக்குச் சுவரில் எஞ்சிய உளித்தடம் மட்டுமே.

நொச்சி மரத்தடியில் பிறந்த தெய்வம்

மேற்கே ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் ஹீராவின் கோயில். வழியில் விமான நிலையத்தை ஒட்டிப் பொதோகாகி என்னும் நீண்ட கூழாங்கல் கடற்கரை. நண்பகல் வெயிலுக்கு அங்கே குளித்தோம். அந்தக் காலத்தில் நகரத்திலிருந்து கோயிலுக்குக் கடற்கரையோரமாகவே ஒரு புனித வீதி சென்றது. அதன் இருமருங்கிலும் சிலைகள் நின்றன. அவற்றுள் இஸ்கெஸ் என்பவர் காணிக்கையாக நிறுத்திய பளிங்கு இளைஞன் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரம். 1980-இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டான். இப்போது வதி அருங்காட்சியகத்துக்கு உரியவன்.

இம்பிரசோஸ் ஆற்றங்கரையில் ஒரு லைகோஸ் மரத்தடியில் ஹீரா பிறந்தாள் என்பது சாமோஸ் மரபு. லைகோஸ் நம் நொச்சியின் இனத்தைச் சேர்ந்தது. கோட்டை காப்பதற்கு நொச்சியின் பெயரால் ஒரு திணையே வகுத்த மொழிக்காரர்களுக்கு, அயல்நாட்டுச் சதுப்பில் அதன் உறவுச் செடி ஒரு தெய்வத்தின் பிறப்பிடமாக நிற்பதைக் கேட்கும்போது தோன்றும் நெருக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹீராவின் பறவையான மயிலையும் இக்கோயிலில் வளர்த்தார்கள். சாமோஸின் நாணயங்களிலும் அது உண்டு. மயிலின் தாயகம் நம் துணைக்கண்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கி.மு. 570-ஐ ஒட்டி ரொய்க்கோஸ் என்னும் சாமோஸ் சிற்பி இங்கே நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள கோயிலைக் கட்டினார். சதுப்பு நிலம் தாங்கவில்லை. சில பத்தாண்டுகளுக்குள்ளேயே அதை அகற்ற நேர்ந்தது. சுமார் நாற்பது மீட்டர் மேற்கே தள்ளி, அதைவிடப் பெரிதாக, 155 தூண்களுக்குத் திட்டமிட்டு இன்னொரு கோயில் எழத் தொடங்கியது. பாலிக்ரடிஸின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கோயில் அது. அது முடியவே இல்லை. பிற்காலத்தார் அதன் கற்களைத் தம் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் எடுத்துச் சென்றார்கள். இன்று புல்வெளி நடுவே நிற்பது ஒரே ஒரு தூண், அதுவும் பாதி உயரத்தில். அதன் கல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சற்று விலகி, கால் மாற்றி நிற்கும் முதியவரைப்போலத் தோன்றுகின்றன.

1902-03-இல் இங்கே அகழாய்வு செய்த இருவரில் ஒருவர் தெமிஸ்தோக்ளிஸ் சோஃபூலிஸ், இத்தீவின் மகன். அப்போது சாமோஸ், 1834 முதல் ஒட்டோமான் மேலாட்சியின் கீழ்த் தன்னாட்சி பெற்ற சிற்றரசாக இருந்தது. பத்தாண்டு கழித்து, 1912-இல், கிரேக்கத்தோடு தீவை இணைத்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பின்னாளில் கிரேக்கத்தின் பிரதமரும் ஆனார். மண்ணுக்குள் இருந்த ஊரைத் தோண்டியவர் மண்ணுக்கு மேலிருந்த ஊரின் தலைவிதியையும் எழுதியது வரலாற்றில் அடிக்கடி நடப்பதில்லை.

எதிர்க்கரை

மாலையில் தீவின் தென்கிழக்கு மூலைக்குத் திரும்பினோம். ப்சிலி அம்மோஸ், அதாவது நுண்மணல். பெயருக்கேற்ற மணல்; முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடக்கலாம். எதிரே மிகாலே மலைத்தொடர், துருக்கி. இடையிலுள்ள நீரிணையின் குறுகிய பகுதி இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. கி.மு. 479-இல் கிரேக்கர் பாரசீகரை முறியடித்தது அந்தக் கரையில்.

அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு வெற்றி எதிர்த்திசையில் வந்தது. துரத்தப்பட்ட சைலோசன், எகிப்தில் தன் மேலாடையை விரும்பிய ஒரு பாரசீகக் காவல்வீரனுக்கு அதை இலவசமாகவே கொடுத்தான். அந்த வீரன் பின்னர் பேரரசன் டாரியஸ் ஆனான். கைம்மாறாகச் சாமோஸைக் கேட்டான் சைலோசன். உயிர்ச்சேதம் இல்லாமல் வேண்டும் என்றும் கேட்டான். படை வந்தது. முடிவில், வலைபோட்டு அரித்ததுபோல் மக்களை வாரி, ஆளில்லாத தீவை அவன் கையில் கொடுத்தார்கள் என்று முடிக்கிறார் ஹெரடோட்டஸ்.

இந்த நீரிணையை மனிதர்கள் இப்போதும் கடக்கிறார்கள். 2015 முதல் சிரியா, ஆப்கானிஸ்தான், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள் ரப்பர் படகுகளில் சாமோஸின் கரைகளில் இறங்கினர். வதிக்கு மேலே 650 பேருக்கென அமைந்த முகாமிலும் அதைச் சுற்றிய சரிவிலும், 2020-இன் தொடக்கத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2021 செப்டம்பரில் அதை மூடி, ஊருக்கு வெளியே வேலியிட்ட புதிய முகாமைத் திறந்தார்கள். அந்தப் படகுகளில் வந்தவர்களின் பெயர்களையும் வரலாறு தனித்தனியே எழுதி வைக்கப்போவதில்லை.

பயணத்தைத் தொடங்கும்போது, மூன்று பெரும்பணிகளையும் பார்த்துவிட வேண்டும் என்பதே எங்கள் நோக்கம். மூன்றில் கோயில் ஒற்றைத் தூணாயிற்று. தடுப்புச்சுவர் புதிய அணைகரைக்கு அடியில் மறைந்தது. முழுமையாக எஞ்சியிருப்பது, யார் கண்ணிலும் படக்கூடாதென்று கட்டிய சுரங்கம் ஒன்றுதான். ஹெரடோட்டஸ் அதைப் பட்டியலின் தலையில் வைத்ததும், அரசனை விட்டுவிட்டு வேலைசெய்வித்தவரின் பெயரைத் தேடி எழுதியதும் நன்று. அவருக்குப்பின் வருகிற நமக்கு மிச்சமிருக்கும் கடமை, அந்த உளித்தடங்களையும் அதே பட்டியலில் சேர்த்து வாசிப்பது. இருட்டியபின் வதிக்குச் செல்லும் மேட்டுச்சாலையில் வண்டி ஏறியபோது, கீழே நீரிணையின் இருகரை விளக்குகளும் ஒரே ஊரின் விளக்குகள்போலத் தெரிந்தன.