கர்நூல் குகைகளில் குடியிருந்தவர் யார்?

குகையொன்றில் பழைய எலும்புகள் கிடைத்தால், அவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர் யார் என்பதே ஆய்வாளர் முன் நிற்கும் முதற்கேள்வி. மனிதர் உண்டு எறிந்தவையா? விலங்கு இழுத்து வந்த இரையா? வெள்ளம் அடித்து வந்து ஒதுக்கியவையா? தென்னிந்தியத் தொல்லியலில் இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அதன் களம், இன்றைய ஆந்திரத்தின் நந்தியால் மாவட்டத்தில் பேத்தஞ்செர்லாவை ஒட்டியுள்ள பில்லசுர்கம் குகைகள்.

இச்சுண்ணாம்புப்பாறைக் குகைகளில் விலங்கெலும்புகள் புதைந்திருப்பதை 1844ஆம் ஆண்டு நியூபோல்டு என்னும் படையதிகாரி எழுதி வெளியிட்டார். அடுத்த நாற்பதாண்டுகளில் அறிவுலகின் கேள்விகள் மாறின. இங்கிலாந்தின் பிரிக்சாம் குகையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் சேர்ந்தே கிடைத்தன. மனித குலத்தின் தொன்மைக்கு அது வலுவான சான்றாயிற்று. சென்னையை அடுத்த பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவிக்கு அத்தகைய துணைச்சான்று இல்லை. குகைகள் அக்குறையைத் தீர்க்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. உயிரியலறிஞர் டி. எச். ஹக்ஸ்லி, சென்னை மாகாண ஆளுநர் கிராண்ட் டஃபிடம் கர்நூல் குகைகளை ஆராயுமாறு வலியுறுத்தினார். 1884 முதல் ஃபூட்டும் அவருடைய மகன் ஹென்றியும் அங்கே அகழ்ந்தனர். எலும்புகள் மிகுந்த ஒரு குகைக்கு ‘எலும்புக்கிடங்கு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரும் இடப்பட்டது.

எலும்புகளை ஆராய்ந்த ரிச்சர்ட் லைடெக்கர் 1886இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கர்நூலின் பெயர் தாங்கிய காண்டாமிருக இனமொன்று அவர் பட்டியலில் உண்டு. இன்று அப்பகுதியில் காண்டாமிருகமே இல்லை என்பதால், அந்நிலத்தின் பழைய சூழலை இப்பட்டியல் உணர்த்துகிறது. சில எலும்புகளை மனிதர் செதுக்கிய கருவிகள் என்று ஃபூட் கொண்டார். ஐரோப்பாவின் மக்தலேனியப் பண்பாட்டுக் கருவிகளோடு அவற்றை ஒப்பிட்டார்.

ஆனால் லைடெக்கரின் அதே பட்டியலில் முள்ளம்பன்றியும் இருக்கிறது. முள்ளம்பன்றி எலும்புகளைத் தன் வளைக்கு இழுத்துச் சென்று கொறிக்கும் இயல்புடையது. அதன் பல்தடத்தையும் மனிதக் கைவேலையையும் பிரித்தறிய, எலும்பை மீண்டும் மீண்டும் கூர்ந்து நோக்க வேண்டும். கர்நூலில் அதற்கு வழியில்லாமற்போயிற்று. ஃபூட் கருவிகளெனக் குறித்த எலும்புகள் பின்னாளில் தொலைந்துபோயின. எஞ்சியவை அறிக்கைகளே.

எம். எல். கே. மூர்த்தி 1970களில் இப்பகுதியின் முச்சட்ல சிந்தமானு கவியில் அகழ்ந்தார். ‘கவி’ என்பது குகையைக் குறிக்கும் தெலுங்குச் சொல். எலும்புக் கருவிகளோடு அங்கே நெருப்பு மூட்டிய இடமொன்றும் வெளிப்பட்டது. வெப்ப ஒளிர்வு முறையில் அதன் காலம் இன்றைக்குச் சுமார் 17,400 ஆண்டுகளுக்கு முன் எனக் கணிக்கப்பட்டது. கீறலுற்ற எலும்பு யார் கைப்பட்டது என்று வாதிடலாம். அடுப்பு மூட்ட முள்ளம்பன்றிக்குத் தெரியாது. மனிதர் அக்குகைக்குள் தங்கியதற்கு அதுவே தெளிவான சான்று.

ஆயினும் அந்த அடுப்பு பில்லசுர்கத்தின் எலும்புகளுக்குச் சாட்சி சொல்லாது. ஒவ்வொரு குகைக்கும் தனித்தனிக் குடிவரலாறு உண்டு. ஒரே குகையில் மனிதரும் விலங்கும் மாறி மாறித் தங்கியிருக்கலாம். எந்த அடுக்கில் யார் என்பதை மண்ணே சொல்ல வேண்டும். அந்த மண்ணோ ஒருமுறை மட்டுமே படிக்கத்தக்க ஏடு. படிக்கும்போதே அது கலைந்துவிடுகிறது. பேத்தஞ்செர்லாவின் சுண்ணாம்புப்பாறை இன்று தரைக்கற்களாக வெட்டப்பட்டு விற்பனைக்குச் செல்கிறது. இன்னும் அகழப்படாத படிவுகளைத் தொடாமல் காப்பதும், அகழ்ந்தெடுத்தவற்றைத் தொலையாமல் பேணுவதும் ஆய்வின் பகுதிகளே. கர்நூலில் இரண்டாவது கடமை தவறியதால்தான், ஃபூட் எழுப்பிய கேள்விக்கு அவருடைய சான்றுகளைக் கொண்டே விடைகாணும் வாய்ப்பு இல்லாமற்போயிற்று.