எண்ணெய்க்குள் கிடக்கும் காந்தம்

வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிப் பக்கம் டிராக்டர் வைத்திருப்போர் சிலரிடம் ஒரு நம்பிக்கை உண்டு. என்ஜின் எண்ணெயை வடிக்கும் திருகின் முனையில் ஒரு காந்தம் இருந்துவிட்டால் என்ஜினின் ஆயுள் கெட்டி என்பது அது. அத்தகைய திருகு கிடைக்காதவர்கள் பழைய ஒலிபெருக்கியின் வட்டக் காந்தத்தைக் கழற்றி ஆயில் ஃபில்டரின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். இந்நம்பிக்கையில் பாதி உண்மை; மறுபாதிதான் பணச்செலவு வைக்கிறது. இரண்டையும் பிரித்தறிய அதன் வரலாற்றைச் சற்றுத் தொடர்ந்து செல்ல வேண்டும்.

காந்தம் நம் நூல்களுக்குப் புதியதன்று. ‘அயஸ்காந்தம்’ என்னும் வடசொல்லுக்கு இரும்பின் அன்புக்குரியது என்பது பொருள். உடம்பில் தைத்த இரும்புமுனையை எடுக்கும் வழிகளுள் ஒன்றாகச் சுசுருத சங்கிதை காந்தத்தைக் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இறையருளின் முன்னிலையில் உயிர் அறியும் முறையை விளக்கச் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக எடுத்தாண்டார். அங்கே இரும்புக்கு அவர் இட்ட சொல் ‘பசாசம்’. வகுப்பில் அச்சொல்லுக்குப் பேய் என்று பொருள் சொல்லாத மாணவரை நான் இன்னும் பார்க்கவில்லை. தான் அசையாமல் நின்று இரும்பை மட்டும் அசைப்பது காந்தத்தின் இயல்பு என்பதை அவர் காலத்தவர் நன்கறிந்திருந்தனர். ‘இரும்பை மட்டும்’ என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நம் பக்கத்து மோட்டார் வரலாற்றில் காந்தம் முதலில் தென்படுவது என்ஜினில் அன்று, சாலையில். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் பேருந்துத் தொழிலைத் தொடங்கினார். மாட்டு லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயர்களைக் குத்திக் கிழித்ததால், காந்தம் பொருத்திய வண்டியைச் சாலையில் ஓடவிட்டு அவற்றைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரை வட்டாரத்தில் சொல்லப்படுவதுண்டு. செவிவழிச் செய்தியாயினும், வெளியே கிடக்கும் இரும்பைப் பொறுக்கும் அதே யோசனைதான் பின்னாளில் என்ஜினின் உள்ளே கிடக்கும் இரும்புக்கும் எட்டியது.

உள்ளே சென்ற கதை சுவையானது. 1908இல் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ காரில் தீப்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்க, சுழலும் ஃபிளைவீலின் மேல் பதினாறு வளைந்த காந்தங்களைப் பொருத்தியிருந்தார்கள். அந்தச் சக்கரம் எண்ணெயிலேயே சுழன்று எண்ணெயை வாரியிறைத்தது. அக்காரில் ஆயில் ஃபில்டர் கிடையாது. துகள் பிடிக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. எண்ணெயில் மிதந்த இரும்புப்பொடி தானாக அக்காந்தங்களை நாடிச் சென்றது. உலோகப்பொடியும் நூல்சிம்பும் மின்தொடர்பு முனையில் சேர்ந்து மின்சாரத்தை முடக்குவதும் உண்டு. எண்ணெய்க் காந்தத்தின் வரலாறு இப்படி ஒரு தொல்லையாகத் தொடங்கியது என்பதே என் கருத்து.

பின்னர் இரண்டு வழிகள் பிரிந்தன. 1923இல் அமெரிக்காவில் ஸ்வீட்லண்டும் கிரீன்ஹால்ஷும் ‘பியூரோலேட்டர்’ என்னும் எண்ணெய் வடிகட்டிக்கு உரிமை பெற்றனர். 1931இல் ஜப்பானில் மிஷிமா, நிக்கலும் அலுமினியமும் சேர்ந்த எஃகிலிருந்து வலிய நிலைக்காந்தத்தை உருவாக்கினார். வலுவான சிறு காந்தம் கிடைத்த பிறகே அதைத் திருகின் முனையில் அடக்குவது பயன்தருவதாயிற்று. 1980களில் வந்த நியோடிமியக் காந்தம் இவையனைத்தினும் வலியது. ஆனால் அதன் சாதாரண வகை ஏறக்குறைய 80 பாகை செல்சியசுக்கு மேல் வலிமை இழக்கத் தொடங்கும். கோடையில் உழும் டிராக்டரின் எண்ணெயோ 100 பாகையைத் தொடும். மெய்கண்டாரின் காந்தம் மாறாதது. கடைக்காரர் தருவது அப்படியன்று.

சரி, என்ன பிடிபடுகிறது? லைனர், பிஸ்டன் ரிங், கேம் ஆகியவற்றின் இரும்பும் எஃகும். பேரிங்குகளின் செம்பும் ஈயமும் வெள்ளீயமும் பிடிபடா. பிஸ்டனின் அலுமினியமும் பிடிபடாது. எல்லாவற்றுக்கும் மேலாக மண் பிடிபடாது. அருப்புக்கோட்டைக் கரிசலும் திருச்சுழிப் பொட்டலும் சித்திரை வைகாசியில் தூசியாக எழும்போது அதில் கலந்திருக்கும் நுண்மணல், லைனரின் வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் சில மைக்ரான் பருமனே உடையது. ஒரு தலைமயிரின் பருமனோ சுமார் 70 மைக்ரான். அப்படலத்தின் அளவேயுள்ள மணல்துகள் உள்ளே புகுந்து அராவுகிறது. அராவிய இரும்பு எண்ணெயில் இறங்குகிறது. காந்தம் அந்த இரும்பைப் பிடித்துக்காட்டுகிறது. திருடன் போன பின் அவன் சிந்திய நெல்லைக் கூட்டி அள்ளுவது போன்றது இது. கியர்பெட்டியில் காந்தத்துக்கு இதனினும் மதிப்பு அதிகம், அங்கே தேய்வது பெரும்பாலும் எஃகு என்பதால்.

ஆனால் சிந்திய நெல் தடயமாகும். தேர்ந்த மெக்கானிக் திருகின் முனையைத் துடைத்தெறிவதில்லை; விரலில் தேய்த்துப் பார்க்கிறார். மைபோல் வழவழத்தால் இயல்பான தேய்மானம். செதிலாகவோ ஊசியாகவோ தட்டுப்பட்டால் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது. புதிய என்ஜினின் முதல் எண்ணெயில் பொடி மிகுந்திருப்பது வழக்கம்.

இவ்வாசிப்பை அறிவியலாக்கியவர்கள் ரயில்வேயினர். 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டு ரயில்வே, டீசல் என்ஜின்களின் பழைய எண்ணெயை எரித்து அதன் ஒளியைப் பகுத்து எந்தெந்த உலோகம் எவ்வளவு உள்ளது என்று அறிந்தது. இந்திய ரயில்வேயின் டீசல் பணிமனைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. பெருந்துகள்கள் இம்முறைக்குச் சரியாக அகப்படாமையால், 1970களில் வெஸ்ட்காட் என்பவர் சரிந்த கண்ணாடித் தகட்டின் அடியில் காந்தம் வைத்து, துகள்களை அளவு வாரியாக வரிசையில் படியச் செய்து நுண்ணோக்கியில் காணும் முறையை வகுத்தார். வடிகட்ட வந்த காந்தம் அங்கே ஏடு விரிக்கும் கருவியாயிற்று.

அந்த ஆய்வுக்கூட அறிக்கையில் இரும்புக்கு நிகராகக் கவனிக்கப்படும் ஒரு பெயர் சிலிக்கன். இரும்பும் அலுமினியமும் ஏறும்போது சிலிக்கனும் உடன் ஏறினால் தூசி உள்ளே போகிறது என்று கொள்வர். வீரசோழனில் அத்தகைய ஆய்வுக்கூடம் இல்லை. ஆனால் பழைய டிராக்டர்களின் ஏர்கிளீனருக்கு அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. தூசி அதில்தான் படிய வேண்டும். புழுதிக் காலத்தில் அதை நாள்தோறும் திறந்து பார்க்கலாம். அடியில் மண் கட்டியிருந்தால் கழுவிப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். உழவு நடந்த நாளிலும் கிண்ணம் தெளிவாகவே இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்: அங்கிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர்க் குழாயில் எங்கோ வெடிப்பு இருக்கலாம். அக்குழாய்க்கும் அதன் கிளிப்புக்கும் ஆகும் செலவு, லைனரும் பிஸ்டனும் மாற்றும் செலவில் மிகச் சிறு பங்கே.