பெசகா: அடுக்களையில் தங்கிய சொல்

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் எதிர்வீட்டில் கோட்டயத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. சிரியன் கிறிஸ்தவர்கள். பெரிய வியாழனன்று இருட்டும் வரை அந்த வீட்டம்மா கிரைண்டரைத் தொடவில்லை. அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தன. "இங்கத்த வெயிலுக்கு மாவு சட்டுனு பொங்கிடும் அக்கா. பெசகா அப்பம் புளிக்கவே கூடாது" என்றார்.

பெசகா. மூவாயிரம் ஆண்டுப் பழக்கத்தின் பெயர் அது. எகிப்தில் தலைப்பிள்ளைகள் மாண்ட இரவில், நிலைக்காலில் ஆட்டு இரத்தம் பூசிய இஸ்ரவேலர் வீடுகளைச் சாவு தாண்டிப் போனது என்கிறது யாத்திராகமம். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டார்கள். அதனால்தான் புளிப்பில்லாத அப்பம். எபிரேயத்தில் 'பாசஹ்' என்றால் தாண்டுதல். நொண்டிக்கும் அதே மூன்று மெய்யெழுத்துகள்தாம். நொண்டியாட்டத்தில் கோட்டைத் தாண்டிக் குதித்து வளர்ந்த நமக்கு இந்த உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரமேயத்தில் 'பஸ்ஹா' ஆன சொல், கிரேக்கத்தில் 'பாஸ்கா' ஆயிற்று. கிரேக்கத்தில் 'பாஸ்கெய்ன்' என்றால் பாடுபடுதல். ஒலி ஒன்றுபோல் இருந்ததால், பாஸ்கா என்பதே பாடுகள்தான் என்று பழைய திருச்சபைத் தந்தையர் சிலர் பொருள் சொன்னார்கள். சொற்பிறப்பாகப் பார்த்தால் தவறு. ஆனால் நம் ஊரிலும் சொல் அந்தப் பக்கமே சாய்ந்தது. திருச்சி வட்டாரக் கிராமங்களில் 'பாஸ்கா' என்றால் இயேசுவின் பாடுகளை விடிய விடிய நடிக்கும் மேடை நாடகம். புராட்டஸ்டண்டுகளின் வேதாகமத்தில் 'பஸ்கா'. இப்படி நம்மிடம் அந்தச் சொல் மேடைக்கும் புத்தகத்துக்கும் போனது.

மலையாளத்துக்கு அது வேறு வழியாக, சிரியாக் வழிபாட்டு மொழியின் 'பெஸ்ஹா'விலிருந்து வந்து அடுக்களையில் தங்கிவிட்டது. அதனால்தான் பொருளும் பிழைத்தது என்பேன். கோயிலில் பாதிரியார் செய்வது தனி. இங்கே வீட்டுத் தலைவர்தான் ஜெபம் சொல்லி அப்பத்தை அறுத்து, மூத்தவரில் தொடங்கிக் கடைக்குட்டி வரை கொடுக்கிறார். தேங்காய், உள்ளி, சீரகம் அரைத்துச் சேர்த்த மாவைத் தட்டில் ஊற்றி, குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மேலே வைத்து ஆவியில் வேகவைக்கிறார்கள். தேங்காய்ப்பால், வெல்லம், சுக்கு, ஏலக்காய் சேர்த்துக் காய்ச்சுவது பெசகாப் பால். ஒரு துணுக்கும் கீழே சிந்தக் கூடாது.

பெசகா அப்பத்துக்கு 'இண்டறியப்பம்' என்றும் பெயர். சிலுவையின் உச்சியில் எழுதிய ஐ.என்.ஆர்.ஐ. என்ற நான்கு லத்தீன் எழுத்துகளைச் சேர்த்து வாசித்ததில் பிறந்தது என்பார்கள். லத்தீன் எழுத்தும் தமிழரும் மலையாளிகளும் பங்கிடும் 'அப்பம்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்ட அழகு என்னை விடுவதில்லை.

சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்கு அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுப்பார்கள். போன வருஷம் எதிர்வீட்டுக்காரரின் அம்மா இறந்திருந்தார். கேரளத்தில் என்றால் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கும். இங்கே அம்பத்தூரிலிருந்து ஒரு உறவுக்காரர் பைக்கில், தூக்குச்சட்டியில் பாலோடு வந்தார்.

இந்த வருஷம் அவர்களே செய்தார்கள். எதிர்வீட்டுக்காரருக்குக் கார் கம்பெனியில் இரண்டாம் ஷிப்ட். வியாழன் லீவு கிடையாது. கம்பெனி பஸ் தெருமுனையில் நின்றபோது மணி நள்ளிரவைத் தொட்டிருந்தது. பாதி உறக்கத்தில் இருந்த பையனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். பேக்டரி ஷூவை வாசலில் கழற்றிவிட்டு, கைகழுவி, அவர் கத்தியை எடுத்தார்.