துவக்கு நுனியில் ஒரு பொட்டு

பிஸ்டலோ ரைபிளோ, குழலின் நுனியில் சிறு முனையொன்று நிற்கும். அதை வைத்துத்தான் குறிபார்ப்பது. மாலை மங்கலில், கறுத்த மிருகத்துக்கு நேரே கறுத்த முனை தெரியாது. நம் நாட்டில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே வெள்ளைக்காரர் ஆயிரத்துக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள் (1845இல் அவர் இடி விழுந்து இறந்தார்). அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வேட்டைத் துவக்குகளின் முனையில் வெள்ளை மணி ஏறிவிட்டது. எதில் செய்தது? யானைத் தந்தத்தில்!

முதலாம் உலகப் போரில், இருட்டில் சுட ரேடியம் பூசினார்கள். அதே ரேடியம் மணிக்கூட்டு முகப்புகளுக்கும் போனது. அமெரிக்காவின் நியூஜேர்சியில் அதைத் தீட்டிய இளம்பெண்களுக்கு, தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கப் பழக்கினார்கள். தாடையெலும்பு உக்கிப் பலர் மாண்டார்கள். வழக்கு 1928இல்தான் இணக்கத்துக்கு வந்தது. அரைவாழ்வுக் காலம் படிப்பிக்கும்போது பிள்ளைகளுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான். ரேடியம் பாதியாகக் குறைய 1600 வருடம் வேண்டும்.

இன்று இரவில் ஒளிரும் பிஸ்டல் முனைகளில் இருப்பது திரித்தியம். சுமார் 12 வருடத்தில் பாதி மங்கிவிடும். பகலுக்கு மட்டும் என்றால் அதுவும் வேண்டாம். பலர் வைப்பது செம்மஞ்சள் கியூடெக்ஸ், ஒரேயொரு சொட்டு.