சீகைப் பட்டையும் காலணியும்

தோல் கலக்காத காலணியைத் தேடுபவர்கள் முதலில் மாட்டை நினைக்கிறார்கள். நீலகிரி மலையின் புல்வெளியையும் அவர்கள் நினைக்க வேண்டும்.

தாவர முறையில் தோலைப் பதனிட, மரப்பட்டையிலுள்ள டானின் வேண்டும். தமிழ்நாட்டுத் தோல் ஷாப்புகளுக்கு, அதாவது பதனிடும் ஆலைகளுக்கு, ஆவாரம்பட்டை நெடுங்காலம் அதைத் தந்தது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை இறக்குமதியானது. அதை உள்நாட்டிலேயே பெற, விடுதலைக்குப் பின் வனத்துறை நீலகிரியின் மேல்மலையில் ஆஸ்திரேலிய வாட்டிலை, உள்ளூரார் சொல்லும் சீகையை, பெருமளவில் நட்டது.

சீகை நட்ட இடம் தரிசு நிலமல்ல. சோலைகளுக்கு இடையே விரிந்து, மழையை உள்வாங்கி ஓடைகளுக்கு விடும் புல்வெளி, வரையாட்டின் மேய்ச்சல். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எருமைகளும் அங்கேதான் மேய்ந்தன. மரபாகப் புலால் உண்ணாத தோடர்கள் எருமையைப் பாலுக்காகவே வளர்த்தார்கள். செத்த எருமையின் தோல் கைவினைஞர்களான கோத்தர்களிடம் போனது. எங்கோ விற்கும் தோலுக்காக இந்த எருமைகளின் புல்லைப் பறித்தது பெரும் அநீதி.

பட்டைக்குப் பதிலாகக் குரோமியத்தால் பதனிடுவது வேறொரு கேடு. வேலூர்ப் பகுதித் தோல் ஷாப்புகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பளித்தது.

ஆகவே, விலையுயர்ந்த ஷூவின் 'தாவரப் பதனீடு' முத்திரை மட்டும் போதாது; பட்டை எந்த மண்ணிலிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். தோலுக்கு மாற்றாக விற்கும் பியூ, பிவிசி இரண்டும் பிளாஸ்டிக்தான்.

தமிழ்நாடு 2022-இல் ஆக்கிரமிக்கும் அந்நியத் தாவரங்களை அகற்றக் கொள்கை வகுத்தது. ஆனால் சீகை விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடிருக்கும். மரத்தை வெட்டிய இடத்தில் முளைக்கும் கன்றுகளைத் தொடர்ந்து பிடுங்கினால்தான் புல் திரும்பும்.