அரிச்சல்முனையும் நம்ம கரிசக்காடும்

ராமேஸ்வரம் போகிறவர்கள் இப்போதெல்லாம் அரிச்சல்முனையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 2017-இல் தார்ச்சாலை திறந்த பிறகு பஸ், கார் எல்லாம் முனை வரைக்கும் போகின்றன. போன மாசியில் நாங்களும் கமுதி, முதுகுளத்தூர் வழியாகப் போய் வந்தோம். அங்கே கடல் எவ்வளவு அழகு என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழிக்காரர்களுக்கு அந்த முனையோடு என்ன சம்பந்தம் என்பதை நான் எழுதுகிறேன்.

நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1985 வரை நாம் எல்லாரும் ஒரே ராமநாதபுரம் ஜில்லா. நம்ம ஊர்க் கண்மாய்க்கரையும் தனுஷ்கோடி மணலும் ஒரே வரைபடத்தில்தான் இருந்தன. திருச்சுழியைத் தொட்டு ஓடும் குண்டாறும் கமுதி வழியாகப் போய் மன்னார் வளைகுடாவில்தான் சேர்கிறது. சேரும் அளவுக்குத் தண்ணீர் வருகிற வருஷம் குறைவு என்பது வேறு விஷயம்.

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் குருசடைத் தீவுப் பக்கம் பச்சையாகத் தெரியும். தூத்துக்குடியிலிருந்து அதுவரை வரிசையாக உள்ள 21 தீவுகளையும் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதில் இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. பவளப்பாறையைப் பல காலம் வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போய், தீவே கரைந்துவிட்டது. கண்மாய்க் கரையை வெட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கடலுக்கும் அதே கணக்குத்தான்.

இனி தனுஷ்கோடி. 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் மெட்ராஸிலிருந்து போட் மெயில் நேராகத் தனுஷ்கோடிக்கு வந்தது. அங்கே கப்பல் ஏறினால் அக்கரையில் தலைமன்னார். அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்புக்கு. மழை பொய்த்த வருஷங்களில் நம்ம வறண்ட சீமை ஜனங்களுக்கு அந்த வழிதான் கதியாக இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களை மண்டபம் முகாமில் சில நாள் தங்கவைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் அனுப்புவார்கள். 1939-இல் இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. போனவர்கள் அங்கேயே இருந்தார்கள். என் அப்பத்தாவின் தம்பியும் அப்படிப் போனவர். தீபாவளிக்கு ஒரு கடுதாசி வரும். அப்பத்தா அதை அரிசிப் பானையில் போட்டு வைத்திருக்கும்.

1964-ஆம் வருஷத்தைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அப்போது நான் எட்டாம் வகுப்பு. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு முந்தின வருஷம் வந்த ரயில், 1964-இல் திருச்சுழி, நரிக்குடி வழியாக மானாமதுரையைத் தொட்டது. மானாமதுரையில் மாறி ஏறினால் தனுஷ்கோடி. நம்ம ஊரிலிருந்து இலங்கைக்கு ரயிலும் கப்பலுமாக வழி திறந்தது அப்போதுதான்.

அதே வருஷம் அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. கடுதாசி போட்டவர்கள் ஆளாகவே திரும்பலாம் என்று பல வீடுகளில் பேச்சு. எங்கள் வீட்டிலும்தான்.

டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. துறைமுகம், ஸ்டேஷன், தபால் ஆபீஸ், சர்ச் எல்லாம் போயிற்று. பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் சரிசெய்தார். தனுஷ்கோடி ரயில் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை. நமக்குத் திறந்த வழி ஒரு வருஷம்கூட நிலைக்கவில்லை.

தாயகம் திரும்பியவர்கள் பின்னால் ராமேஸ்வரத்தில் வந்து இறங்கினார்கள். அப்பத்தாவின் தம்பி அதற்குள் கண்டி பக்கம் ஒரு தோட்டத்திலேயே காலமாகிவிட்டார்.

முனையில் ஒரு பக்கம் அமைதியான கடல். அதைப் பெண்கடல் என்கிறார்கள். மறுபக்கம் குமுறுகிற ஆண்கடல். தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். பிள்ளைகள் அசோகத் தூணருகே நின்று போட்டோ எடுக்கிறார்கள், எடுக்கட்டும். வழியில் இடிந்து நிற்கும் சர்ச் சுவரையும் ஒரு நிமிஷம் காட்டுங்கள். அந்தச் சுவர்கள் வருஷா வருஷம் உப்புக் காற்றில் உதிர்கின்றன. உங்கள் வீட்டிலிருந்து அக்கரை போனவர் யார், எந்தத் தோட்டம், திரும்பினாரா என்பது தெரிந்த பெரியவர்கள் நம்ம ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.