இரண்டாவது கேமராவின் கதை

கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்க வருபவரைக் கொஞ்சம் கவனித்தால் ஒன்று தெரியும். அவரிடம் பெரும்பாலும் இரண்டு கேமராக்கள் இருக்கும். கழுத்தில் ஒன்று, தோளில் ஒன்று. ஒன்று மக்கர் செய்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்பது முதல் காரணம். தாலி கட்டும் நேரத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது இரண்டாவது. வெளியில் அதிகம் தெரியாத மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. அது எடை. நல்ல கேமரா என்பது அநேகமாகக் கனமான கேமரா. கனமான கேமரா சில நாட்கள் அலமாரியிலேயே தங்கிவிடும். அந்த நாட்களுக்காக ஒரு சின்ன கேமரா தேவைப்படுகிறது.

"ஃபுல் ஃப்ரேம் வைத்திருக்கிறேன், துணைக்கு இலகுவாக எந்த பாடி வாங்கலாம்?" என்பது டிஜிட்டல் காலத்துக் கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்கு நூறு வயது ஆகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று கனமானது என்று சொல்லப்படும் அந்த ஃபுல் ஃப்ரேமே ஒரு காலத்தில் கனம் தாங்காத ஒருவர் செய்துகொண்ட சின்ன கேமராதான்.

ஆஸ்துமாக்காரரின் கேமரா

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற ஊரில் நுண்ணோக்கிகள் செய்து புகழ்பெற்ற லைட்ஸ் நிறுவனத்தில் 1911-ல் வேலைக்குச் சேர்ந்தவர் ஆஸ்கார் பார்னாக். காடு மேடெல்லாம் அலைந்து படம் எடுப்பதில் அவருக்கு ஆசை. ஆனால் ஆஸ்துமா. அன்றைய கேமராக்கள் கண்ணாடித் தகட்டில் படம் பிடிப்பவை. பெட்டி, தகடுகள், முக்காலி என்று அத்தனையையும் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கும்.

பார்னாக் இதற்கு வேறு வழி யோசித்தார். சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிமை எடுத்தார். சினிமாவில் ஒரு படத்தின் அளவு 18x24 மி.மீ. அதை இரட்டிப்பாக்கி 24x36 மி.மீ. ஆக்கினார். நெகட்டிவ் சின்னதாக இருக்கட்டும், படத்தைப் பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம். 13x18 செ.மீ. தகட்டோடு ஒப்பிட்டால் இதன் பரப்பு 27-ல் ஒரு பங்குதான்! 1914 வாக்கில் மாதிரிக் கேமரா தயாராகிவிட்டது. அதற்குள் முதல் உலகப்போர் வந்துவிட்டது. போருக்குப் பின் ஜெர்மனியின் பொருளாதாரம் சரிந்து கிடந்த நேரம். நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தும், 1924-ல் எர்ன்ஸ்ட் லைட்ஸ் துணிந்து உற்பத்திக்குச் சம்மதித்தார். 1925-ல் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் 'லைக்கா' அறிமுகமானது.

பெரிய தகட்டுக் கேமரா வைத்திருந்தவர்கள் பலர் இதை ஏளனமாகத்தான் பார்த்தார்கள். அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் 1950கள் வரைகூட 4x5 அங்குல ஸ்பீட் கிராஃபிக்கைத்தான் சுமந்தார்கள். அவர்கள் பார்வையில் 24x36 என்பது 'மினியேச்சர்', அதாவது குட்டிப் படம். அதே அளவுக்குப் பிற்காலத்தில் 'முழு அளவு' என்ற பெயர் வந்ததை அவர்கள் நம்பியிருக்க மாட்டார்கள்.

மலை உச்சியில் இருந்தது எந்த கேமரா?

எடை எவ்வளவு முக்கியம் என்பதை எவரெஸ்ட்டை விடத் தெளிவாகச் சொல்லும் இடம் இல்லை. 1924-ல் பிரிட்டிஷ் குழுவோடு போனவர் ஜான் நோயல். நீண்ட லென்ஸ் பொருத்திய சினிமா கேமராவோடு கீழே தொலைவில் இருந்துகொண்டு சிகரத்தைக் குறிபார்த்துக் காத்திருந்தார். அது குழுவின் பெரிய கேமரா.

சின்ன கேமராவின் கதை வேறு. ஜூன் 4 அன்று நார்ட்டனும் டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்லும் 28,000 அடி அளவுக்கு ஏறினார்கள். மூச்சுத்திணறலால் சோமர்வெல் அதற்கு மேல் போகவில்லை. தனியே முன்னேறிய நார்ட்டனும் சிகரத்தை எட்டாமல் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்து மேலே புறப்பட்டவர் மல்லோரி. அவருக்கு சோமர்வெல் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு 'வெஸ்ட் பாக்கெட் கோடக்' கேமராவைக் கொடுத்தனுப்பினார். ஜூன் 8 அன்று மல்லோரியும் இர்வினும் மேகத்துக்குள் மறைந்தார்கள். திரும்பி வரவில்லை. 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா கிடைக்கவில்லை. அவர்கள் சிகரத்தைத் தொட்டார்களா இல்லையா என்ற கேள்விக்கு அந்தச் சின்ன கேமராவின் ஃபிலிம் பதில் வைத்திருக்கக்கூடும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு.

இந்த சோமர்வெல் தமிழர்களுக்கு அந்நியர் அல்ல. அன்றைய திருவிதாங்கூரில் இருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர். பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பணியாற்றினார். எவரெஸ்ட்டின் தீராத புதிருக்குள் இருக்கும் கேமரா நெய்யூர் டாக்டருடையது!

29 ஆண்டுகள் கழித்தும் அதே பாடம். 1953 குழுவின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர் ஆல்ஃபிரட் கிரிகரி. அவர் கடைசி முகாம் வரை சுமையோடு ஏறி, அதை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். மே 29 அன்று உச்சியில் இருந்தது ஹிலாரி குளிருக்குப் பயந்து சட்டைக்குள் வைத்துக் காத்த கோடக் ரெட்டினா. ஐஸ் கோடரியை உயர்த்திப் பிடித்து டென்சிங் நிற்கும், உலகமே பார்த்த அந்தப் படம் அதில் எடுத்ததுதான். உச்சிக்கு வந்து சேர்ந்த கேமராதான் வரலாற்றுக்குக் கிடைத்த கேமரா.

லென்ஸ் பொருந்துமா?

மலையேறிக்கு எடை மட்டும் போதும். பத்திரிகைக்காரருக்கு இன்னொரு கவலை உண்டு. இரண்டு கேமராக்களும் ஒரே லென்ஸை ஏற்குமா?

1950-ல் ஜப்பானில் இருந்த 'லைஃப்' பத்திரிகைக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன், நிக்கான் நிறுவனத்தின் லென்ஸ்களைப் பார்த்து வியந்தார். அவர் கேமராவை மாற்றவில்லை. லைக்காவின் திருகு மரைக்குப் பொருந்தும்படியும் நிக்கான் லென்ஸ் செய்துவந்ததால், தன் லைக்காவிலேயே அதை மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனார். ஜப்பானிய லென்ஸ்களின் புகழ் உலகெங்கும் பரவ அந்தப் படங்களும் ஒரு காரணம்.

1959-ல் நிக்கான் எஃப் வந்தது. உறுதியானது, ஆனால் விலையும் எடையும் அதிகம். 1965-ல் அதே நிறுவனம் அதே லென்ஸ்களை ஏற்கும் நிக்கோர்மாட்டை மலிவாக வெளியிட்டது. அமெச்சூர்களுக்காக வந்த அதைத் தொழில்முறைக்காரர்களும் துணைக் கேமராவாக வாங்கினார்கள். 1977-ல் வந்த எஃப்.எம். 590 கிராம்தான். மீட்டரோடு சேர்த்து 800 கிராமுக்கு மேல் இருந்த எஃப்2 வைத்திருந்தவருக்கு அது வரப்பிரசாதம். இரண்டுக்கும் ஒரே லென்ஸ் பை போதும்.

இதற்கு மாறான வழியும் இருந்தது. வியட்நாம் போரில் பலர் தொலைநோக்கு லென்ஸுக்கு நிக்கான் எஃப், அகலக்கோணத்துக்கு லைக்கா எம் என்று இரண்டு வகையைச் சேர்த்துச் சுமந்தார்கள். லென்ஸ்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் லைக்கா சின்னது, சத்தம் குறைவு. எஃப்-க்கு வராத வேலையை அது செய்தது. துணை என்பது முதல் கேமராவின் நகலாகவும் இருக்கலாம், அதற்கு வராததைச் செய்வதாகவும் இருக்கலாம் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

லைக்காவுக்கு ஒரு துணை

துணைக் கேமரா என்ற எண்ணத்தையே மையமாக வைத்து ஒரு கேமராவைச் செய்தவர் ஜப்பானின் ஒலிம்பஸ் நிறுவனத்தில் இருந்த யோஷிஹிசா மைத்தானி. அவர் சொந்தமாக லைக்கா வைத்திருந்த இளைஞர். 6,000 யென்னுக்கு விற்கக்கூடிய கேமரா ஒன்றை வடிவமைக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. தன் லைக்காவுக்குத் துணையாக வரும் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்று நினைத்த அவர், லென்ஸில் மட்டும் சமரசம் செய்ய மறுத்தார். மிச்சம் பிடித்ததெல்லாம் மற்ற பாகங்களில். 1959-ல் வந்த அந்த கேமராதான் 'பென்'. சட்டைப்பையில் பேனா போலக் கூடவே இருக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். 24x36-ஐப் பாதியாக்கி 18x24-ல் படம் பிடிக்கும். 36 படச் சுருளில் 72 படங்கள்! பார்னாக் இரட்டிப்பாக்கிய சட்டத்தை மைத்தானி மறுபடியும் பாதியாக்கிவிட்டார்.

அடுத்து அவர் கை வைத்தது எஸ்.எல்.ஆர். கேமராவில். 1972-ல் வந்த ஓ.எம்-1 சுமார் 500 கிராம்தான். முதலில் அதற்கு எம்-1 என்று பெயர். லைக்காவின் எம் வரிசையோடு குழப்பம் வரும் என்று எதிர்ப்பு வந்ததால் பெயர் மாறியது. உடலோடு லென்ஸ்களையும் சின்னதாக்கியதுதான் மைத்தானியின் கெட்டிக்காரத்தனம். உடல் மட்டும் இளைத்து என்ன பயன், பையில் இருப்பதெல்லாம் லென்ஸ் அல்லவா?

குட்டி 'முழுசு' ஆனது

டிஜிட்டல் வந்தபோது பெரிய சென்ஸர் செய்வது மிகவும் செலவு பிடித்தது. அதனால் பெரும்பாலான கேமராக்களில் ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சிறிய சென்ஸரே இருந்தது. அதன் பரப்பு சுமார் 370 சதுர மி.மீ. மைத்தானியின் பாதிச் சட்டத்தை விடவும் சற்றே சிறியது. 24x36 அளவு சென்ஸர் உள்ளவற்றைத் தனியே குறிக்க 'ஃபுல் ஃப்ரேம்' என்ற பெயர் பிரபலமானது. கேனான் 2002-ல் 1டி.எஸ். கேமராவையும், 2005-ல் சாதாரண அளவு உடலோடு 5டி-யையும் கொண்டுவந்தது. 5டி-யின் எடை 810 கிராம். அடுத்த ஆண்டு வந்த சிறு சென்ஸர் 400டி 510 கிராம். துணைக் கேமரா என்ற பழைய கேள்வி புது உருவத்தில் திரும்பி வந்தது.

பொறிகளும் கூடவே வந்தன. 5டி-யின் லென்ஸ்கள் எல்லாம் 400டி-யில் பொருந்தும். ஆனால் 400டி-க்காக வாங்கிய ஈ.எஃப்-எஸ் லென்ஸ் 5டி-யில் பொருந்தாது. சிறு சென்ஸர் படத்தின் ஓரங்களை வெட்டிவிடுவதால் 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ் அதில் 38 மி.மீ. போல ஆகிவிடும். அதே கணக்கில் 200 மி.மீ. லென்ஸ் 320 மி.மீ. போல ஆகும். பறவை பிடிப்பவருக்கு லாபம், கோயில் மண்டபம் எடுப்பவருக்கு நஷ்டம். நிக்கானில் 2006-ல் வந்த டி40 வெறும் 475 கிராம். ஆனால் எடையைக் குறைக்க அதன் உடலுக்குள் இருந்த ஃபோகஸ் மோட்டாரை எடுத்துவிட்டார்கள். பழைய ஏ.எஃப். லென்ஸ்கள் அதில் மாட்டும், தானாக ஃபோகஸ் ஆகாது.

கண்ணாடி போன பிறகு

2008-ல் பானசோனிக்கும் ஒலிம்பஸும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் முறையை அறிவித்தன. எஸ்.எல்.ஆருக்குள் இருக்கும் கண்ணாடியையே எடுத்துவிட்டார்கள். சென்ஸர் ஃபுல் ஃப்ரேமில் சுமார் கால் பங்கு. லென்ஸ்களும் சுருங்கின. பானசோனிக்கின் 20 மி.மீ. லென்ஸ் 100 கிராம்தான். 2009 ஜூனில் ஒலிம்பஸ் 335 கிராமில் இ-பி1 கேமராவை வெளியிட்டது. பென் பிறந்து 50 ஆண்டு ஆனதைக் கொண்டாடி அதற்கும் பென் என்றே பெயர் வைத்தார்கள். அடுத்த மாதமே மைத்தானி காலமானார்.

2013-ல் சோனி ஏ7 வந்து கணக்கையே மாற்றியது. ஃபுல் ஃப்ரேம் உடலே பேட்டரியோடு 474 கிராம்! இனி துணையே வேண்டாம் என்று சிலர் நினைத்தார்கள். ஆனால் சென்ஸர் பெரிதாக இருக்கும்வரை வேகமான ஜூம் லென்ஸ் சின்னதாகாது. சோனியின் 24-70 எஃப்2.8 லென்ஸ் 886 கிராம் இருந்தது. உடல் இளைத்தாலும் பை இளைக்கவில்லை.

கேனான் 2012-ல் கண்ணாடியில்லாத சிறு கேமராக்களுக்கு ஈ.எஃப்-எம் என்று தனி வளையம் வைத்தது. 2018-ல் ஃபுல் ஃப்ரேமுக்கு ஆர்.எஃப். என்று வேறொரு வளையம். ஒன்றின் லென்ஸ் மற்றதில் பொருந்தவே பொருந்தாது. கடைசியில் 2022-ல் ஆர்7, ஆர்10 என்ற சிறு சென்ஸர் கேமராக்களை ஆர்.எஃப். வளையத்திலேயே வெளியிட்டது, பின்னர் எம் வரிசையைக் கைவிட்டது. நிக்கானோ 2019-ல் வந்த இசட்50-க்கு முதலிலேயே ஃபுல் ஃப்ரேமின் இசட் வளையத்தையே கொடுத்திருந்தது. நிக்கோர்மாட் கற்றுக்கொடுத்த பாடம் அங்கே மறக்கப்படவில்லை போலும்.

நூறு ஆண்டு சொல்லும் கணக்கு

இத்தனை கதையையும் சேர்த்துப் பார்த்தால் துணைக் கேமரா தேர்வுக்குச் சில விதிகள் தானாகத் திரள்கின்றன. முதல் கேமரா பழுதானால் அதன் இடத்தில் நிற்கவேண்டும் என்றால் வளையம் ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரியும் ஒன்றானால் இன்னும் நல்லது. முதல் கேமரா வீட்டில் இருக்கும் நாளுக்காக என்றால் வளையம் பெரிய விஷயமில்லை. ஒரு சின்ன லென்ஸோடு சட்டைப்பைக்கோ சிறு பைக்கோ அடங்கினால் போதும். எடையைப் பார்க்கும்போது உடலை மட்டும் தராசில் வைக்கக்கூடாது, மாட்டப்போகும் லென்ஸோடு வைக்க வேண்டும். மலிவு என்பதற்காக எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், லென்ஸை மட்டும் விடக்கூடாது என்பது மைத்தானியின் 6,000 யென் பாடம்.

பார்னாக் மூச்சு வாங்காமல் மேடு ஏறுவதற்காகச் செய்த கேமராவின் அளவைத்தான் இன்று பலர் தோள் வலிக்கிறது என்று வீட்டில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இன்றைய குட்டிக் கேமராவையும் ஒருநாள் யாராவது கனம் என்பார்கள். அவருக்கும் துணைக்கு ஒன்று தேவைப்படும்.